1944-ல் பர்மா போரில் காணாமல் போன விமானப்படை வீரர்: விவரம் தேட உதவி வேண்டும்

எங்கள் பாட்டாவின் தம்பி இரண்டாம் உலகப் போரில் இந்திய விமானப்படையில் இருந்தவர். 1944-ல் பர்மா எல்லையில் போன விமானம் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. சொந்த ஊர் தக்கலை பக்கம். அன்றைக்கு அது திருவிதாங்கூர். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற அவருக்கென்று ஒரு கல்லறை இல்லை. அதனால் குடும்பக் கல்லறையில் பெயரும் தேதியும் பொறிக்கப் போகிறோம். அந்தத் தேதிதான் தெரியவில்லை.

கையில் இருப்பது ஒரு தந்தியும் ஒரு போட்டோவும். தந்தி மடிப்பில் கிழிந்து, சேவை எண்ணின் கடைசி இலக்கங்கள் போய்விட்டன. போட்டோவில் இடது மார்பில் ஒற்றைச் சிறகு பேட்ஜ். பைலட் பேட்ஜில் இரண்டு சிறகு இருக்கும். அப்படியென்றால் இவர் பைலட் இல்லை. பின் இருக்கையில் இருந்த கன்னராகவோ (துப்பாக்கி இயக்குபவர்) நேவிகேட்டராகவோ (வழி கணிப்பவர்) இருக்கலாம். வீட்டில் சொல்லிவந்த விமானத்தின் பெயர் 'வெஞ்சன்ஸ்'. இருவர் மட்டும் போகும் குண்டுவீச்சு விமானம் அது. அந்த வருஷம் பர்மா முனையில் இந்திய விமானப்படையின் 7, 8-ம் ஸ்குவாட்ரன்கள் (விமானப் படைப்பிரிவுகள்) அதை ஓட்டின.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் வீட்டுப் பெயரோடும் இனிஷியலோடும் மாற்றி மாற்றித் தேடியாயிற்று. சிங்கப்பூரில் உள்ள சொந்தக்காரர், கல்லறை இல்லாத போர் வீரர்களின் பெயர்கள் பொறித்த அங்குள்ள கிராஞ்சி நினைவிடச் சுவரிலும் பார்த்தார். கிடைக்கவில்லை. டெல்லி தேசியப் போர் நினைவகத்தில் இருப்பது சுதந்திரத்துக்குப் பிந்தைய பெயர்கள். கடிதம் எழுதிய இடத்தில் முழு சேவை எண் கேட்கிறார்கள்.

முழு எண் இல்லாமல், ஸ்குவாட்ரனையும் வருஷத்தையும் மட்டும் வைத்து அவருடைய பணிப் பதிவை எங்கே, எப்படிக் கேட்டு வாங்கலாம்?