மதுரைப் பக்கம் நல்ல மகளிர் மருத்துவர் தெரிந்தால் சொல்லுங்கள்

தோழிகளே, கூச்சத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்கிறேன். என் அக்காவுக்கு வயது 43. பிறப்புறுப்பு வாயிலின் இடப்பக்கம், கீழ் ஓரமாக, நெல்லிக்காய் அளவில் வீக்கம். தொட்டால் சுடுகிறது. ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே வருகிறார்.

எங்கள் ஊர் மருத்துவர் சூட்டுக்கட்டி என்று மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். பரிசோதிக்காமலேயே எப்படித்தான் தெரிந்ததோ! வீக்கம் வடிந்தது, பிறகு அதே இடத்தில் மீண்டும் வந்துவிட்டது.

பார்த்தோலின் சுரப்பியாக இருக்குமோ என்பது என் சந்தேகம். வாயிலின் இருபுறமும் உள்ள இந்தச் சிறு சுரப்பிகளின் குழாய் அடைத்துக்கொண்டால் நீர்க்கட்டி உண்டாகும். கிருமி தொற்றினால் அது சீழ்க்கட்டியாகும். வெறுமனே கீறிவிட்டால் திரும்ப வர வாய்ப்பு அதிகம் என்பதால், சிறு குழாய் வைத்தோ, ஓரங்களைத் தைத்துத் திறந்துவிட்டோ வடியச் செய்வார்கள். 40 வயதைத் தாண்டியவர்களுக்குத் திசுப் பரிசோதனையும் தேவைப்படலாம். என் கவலையே அதுதான்.

மதுரை, திண்டுக்கல் பக்கம் பொறுமையாகப் பரிசோதிக்கும் பெண் மருத்துவர் யார்? இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் இருந்தால், அன்றே வீடு திரும்ப முடிந்ததா, செலவு எவ்வளவு ஆனது என்றும் சொல்லுங்கள். இப்போதைக்கு வெதுவெதுப்பான நீரில் உட்காருகிறார், வலி சற்றுக் குறைகிறது. காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுவோம்.

மஞ்சள் பற்று, சுண்ணாம்பு யோசனைகள் மட்டும் வேண்டாம். அவற்றை அத்தை ஏற்கெனவே சொல்லிவிட்டார். பொதுவில் எழுதத் தயக்கமாக இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்.