நைதரசனிறக்கம் சரி, கடைசிப் படி மட்டும் நின்றால்?

அன்பின் நண்பர்களுக்கு,

அக்கா அனுப்பிய கட்டுரை வரைவில் ஒரு வரி:

> கட்மியம், செம்பு, நாகம் போன்ற பார உலோகங்கள் மண் பற்றீரியாக்களின் நைதரசனிறக்கத்தைத் தடுக்கின்றன.

மண் பற்றீரியாக்கள் நைத்திரேற்றைப் படிப்படியாக நைதரசன் வாயுவாக்குவதைச் சொல்லும் நைதரசனிறக்கம் என்ற சொல்லோடு எனக்குத் தகராறு இல்லை. தமிழ்நாட்டு நண்பர்கள் நைட்ரஜன் நீக்கம் என்பார்கள்; இரண்டும் விளங்கும். உறுத்துவது 'தடுக்கின்றன'தான். உயர்தரம் படிக்கும் பிள்ளை இதை வாசித்தால், மண்ணிலிருந்து வாயு வருவதே நின்றுவிடும் என்று எடுத்துக்கொள்ளும்.

நைத்திரேற்று, நைத்திரைற்று, நைத்திரிக் ஒட்சைட்டு, நைதரசு ஒட்சைட்டு, கடைசியில் நைதரசன் வாயு. இந்த வரிசையில் ஒவ்வொரு படிக்கும் தனி நொதியம். உலோகம் ஏறினால் எல்லாப் படியும் ஒரே அளவில் தளர்வதில்லை. பல மண்களில் கூடுதலாக அடிபடுவது நைதரசு ஒட்சைட்டை நைதரசன் வாயுவாகத் தாழ்த்தும் கடைசி நொதியம். முந்திய படிகள் மெதுவாகவேனும் ஓடிக்கொண்டிருக்க, நைதரசு ஒட்சைட்டு தேங்கி வெளியே போகிறது. மொத்த வேகம் குறைந்தும் அந்த வாயுவின் பங்கு கூடலாம். நூறாண்டுக் கணக்கில், அதே நிறை காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பமேற்றும் வாயு அது. கொழும்பை அடுத்த கொலொன்னாவைப் பக்கத்துச் சதுப்பை வைத்து எழுதும் கட்டுரையில் இதை மழுப்ப முடியாது. நீர் தேங்கி ஒட்சிசன் குறைந்த மண்ணில்தானே இந்தப் பற்றீரியாக்கள் நைத்திரேற்றைக் கொண்டு சுவாசிக்கின்றன.

கடைசிப் படி மட்டும் நின்றுபோகும் இந்த நிலைக்கு ஒரு பெயர் வேண்டும். என் பரிந்துரை: ஈற்றுப்படி முடக்கம்.

> 'உலோக நிரோதம்' போதாதா? நொதியத்தைத் தடுக்கும் பொருளை நிரோதி என்பது பிள்ளைகளுக்குப் பழக்கம்தானே.

பழக்கம்தான் ஐயா. ஆனால் அது காரணத்தைப் பெயருக்குள் பூட்டிவிடுகிறது. அந்தக் கடைசி நொதியமே செம்பை வைத்து இயங்குவது. செம்பு மிஞ்சினாலும் முடங்கும், செம்பு கிடைக்காவிட்டாலும் முடங்கும். அமில மண்ணிலும் அது சரியாக உருவாவதில்லை. ஆய்வுகூடத்தில் மண்ணை அடைத்த போத்தலுக்குள் அசற்றலீன் செலுத்தி, தேங்கும் நைதரசு ஒட்சைட்டை அளக்கிறோமே, அங்கே வேண்டுமென்றே செய்வதும் இதுதான். எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டுமானால், எதனால் என்பதை விட்டு எங்கே நிற்கிறது என்று சொல்லும் பெயர் வேண்டும்.

> 'கடைப்படி முடக்கம்' இன்னும் எளிது அல்லவா?

வெள்ளவத்தையில் கடைப்படி என்றால் செருப்பைக் கழற்றி வைக்கிற இடம், தம்பி! ஈற்றடி, ஈற்றெழுத்து என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டதால் 'ஈற்று' யாரையும் மிரட்டாது.

'முடக்கம்' என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. 'இழப்பு', 'அழிவு' என்றால் போனது போனதுதான் என்றாகிவிடும். உலோகம் கலந்த மண்ணிலும், தாங்கக்கூடிய பற்றீரியாக்கள் பெருகி, சில வாரங்களில் கடைசிப் படி மீள்வது உண்டு. முடங்கியது எழும்பலாம். கொரோனாக் கால முடக்கநிலைக்குப் பிறகு இதற்கு உரை எழுதவும் தேவையில்லை.

அக்கா, வரி இப்படி வரட்டும்:

"பார உலோகங்கள் மிகுந்த மண்ணில் நைதரசனிறக்கம் மந்தமாவதோடு, ஈற்றுப்படி முடக்கத்தால் நைதரசு ஒட்சைட்டும் தேங்கக்கூடும்."

செம்பின் இரட்டை வேடத்துக்கு ஓர் அடிக்குறிப்பு போடுங்கள். அப்புறம், பார உலோகமா பாரவுலோகமா என்பதை அடுத்த மடலில் அடித்துக்கொள்ளலாம்.