ஹெம்ப் பயிரிலிருந்து காகிதமும் துணியும்: தடை எங்கே இருக்கிறது?

கேள்வி:
கஞ்சா இனத்தைச் சேர்ந்ததாயினும் போதைச் சத்து மிகக் குறைந்த ஹெம்ப் என்னும் நார்ப்பயிர், அதே பரப்பிலுள்ள காட்டு மரங்களைவிட நான்கு மடங்கு காகிதக்கூழ் தரும் என்று பல இடங்களில் படிக்கிறேன். நான்கே மாதங்களில் அறுவடைக்கு வரும் பயிர் அவ்வளவு தருமானால், ஆலைகள் ஏன் இன்னும் மரத்தையே நாடுகின்றன? துணிக்கும் இதே தடைதானா?

மறுமொழி 1:
அந்தக் கணக்கு, அமெரிக்க வேளாண்துறை 1916-இல் வெளியிட்ட 404-ஆம் எண் அறிக்கையில் உள்ளது. அந்த ஆய்வு, நாரை உரித்தெடுத்தபின் எஞ்சும் உள்கட்டையைப் பற்றியது என்பதை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் சொல்வதில்லை. தண்டின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த உள்கட்டைதான். ஆனால் அதன் இழை அரை மில்லிமீட்டர் அளவே நீளமுடையது, இழைகளை இறுக ஒட்டவைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருளும் அதில் மிகுதி. பட்டை நாரோ லிக்னின் குறைந்தது. அதன் இழை சராசரியாக 20 மி.மீ. நீளமிருப்பதால், வெட்டிக் குறுக்கி நெடுநேரம் அரைக்காவிட்டால் கூழில் திரிதிரியாகச் சுற்றிக்கொள்ளும். இவ்வளவு செலவையும் தாங்கக்கூடியவை சிகரெட் தாள், தேயிலைப் பை போன்ற மெல்லிய, உறுதியான தாள்கள் மட்டுமே. அச்சுத்தாளுக்கு இது கட்டுப்படியாகாது என்பது என் கருத்து.

மறுமொழி 2:
இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூழாலை ஆண்டு முழுவதும் ஓடியாக வேண்டும். மரத்தைத் தேவைப்படும்போது வெட்டிக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒருமுறை அறுக்கும் ஹெம்ப் தண்டையோ, இடத்தை அடைக்கும் அதன் பருமனோடு, பூஞ்சை பிடிக்காமல் மாதக்கணக்கில் காக்க வேண்டும்.

மறுமொழி 3:
துணியைப் பொறுத்தவரை சிக்கல் வயலிலேயே தொடங்குகிறது. அறுத்த தண்டுகளை நிலத்திலேயே பரப்பி, பனியிலும் மழையிலும் நனையவிட்டால், நாரைக் கட்டையோடு ஒட்டவைத்திருக்கும் பெக்டினைப் பூஞ்சைகள் தின்றுவிடும். நாள் குறைந்தால் பட்டை கழன்று வராது; மிகுந்தால் நாரே இற்றுப்போகும். ஒரு தண்டை ஒடித்துப் பார்த்து, நார் கட்டையை விட்டுச் சுத்தமாகப் பிரிகிறதா என்பதைக் கொண்டே பதம் அறிவார்கள். நீரில் ஊறவைத்தால் நார் இன்னும் மென்மையாக வரும், ஆனால் அந்தக் கழிவுநீர் நீர்நிலைகளைக் கெடுக்கும்.

நீண்ட நாரை நூற்க லினன் நூற்கும் ஈரநூற்பு இயந்திரங்கள் வேண்டும். பருத்தி நூற்பாலைகளில் ஓட்டுவதற்காக நாரைப் பிரித்துக் குறுக்கிப் பஞ்சுபோல் ஆக்கி, பருத்தியோடு கலக்கிறார்கள். வழி எளிதாகிறது, நீண்ட நாருக்கே உரிய உறுதியும் பளபளப்பும் பெருமளவு போய்விடுகின்றன.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால், நாரை மட்டும் விற்கும் ஆலைகள் அவ்வளவு உள்கட்டையை என்ன செய்கின்றன?

மறுமொழி 3:
ஈரத்தை நன்றாக உறிஞ்சுவதால் குதிரை லாயங்களில் பரப்ப வாங்குகிறார்கள். சுண்ணாம்போடு கலந்து வெப்பத்தைத் தடுக்கும் சுவர்களும் அமைக்கிறார்கள். உள்கட்டையை வாங்க ஆள் கிடைக்காத ஆலையில் நாரின் விலை ஏறத்தான் செய்யும்.