சிறுவர் தொலைக்காட்சியில் நோயைப் பேசலாமா?

மாங்குளத்தான்:
கடும் நோய்களைச் சிறுவர் நிகழ்ச்சியில் காட்டுவது பிஞ்சு மனத்தில் நஞ்சு கலப்பதாகும் என்று ஓமந்தை ஆசிரியர் நேற்று எழுதியதைப் படித்து எரிச்சலடைந்தேன். தென்னாபிரிக்காவின் ‘தக்கலானி செசமி’ என்ற சிறுவர் நிகழ்ச்சியில் 2002 இல் காமி என்ற பொம்மை வந்தது. ஐந்து வயது, தாயை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்தவள், தானும் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவள். நோயின் பெயரைச் சொல்லியே காட்டினார்கள். எந்தப் பிள்ளைக்கு நஞ்சேறியது, ஐயா?

ஓமந்தை ஆசிரியர்:
தம்பி பாதியைத்தான் படித்திருக்கிறார். அதன் அமெரிக்க மூலமான ‘செசமி ஸ்ட்ரீட்’டில் கடைக்காரர் ஹூப்பர் இறந்துவிட்டார் என்று 1983 இல் அந்த மஞ்சள் பறவைப் பொம்மைக்குச் சொன்னார்களே தவிர, எதனால் இறந்தார் என்று சொல்லவில்லை. நோயால் இறந்தார் என்றால், காய்ச்சல் வந்தாலே சாவு என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள் என்று அவர்களே தவிர்த்தார்கள். நோயின் பெயரைச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும்.

மாங்குளத்தான்:
ஹூப்பராக நடித்தவர் உண்மையில் இறந்தது 1982 இல். 1983 என்பது ஒளிபரப்பான ஆண்டு. பாடம் எடுப்பவர் இதையாவது சொல்லியிருக்கலாம். காமி விடயத்தில் பெயரைச் சொன்னார்கள். அதற்குப் பதில் எங்கே?

நெடுங்கேணி வாசகி:
என் அக்காவின் மகள் இரத்தப் புற்றுநோய்க்கு மகரகமவில் சிகிச்சை பெற்று, முடியுதிர்ந்த தலையில் சிவப்புத் தொப்பியுடன் முன்பள்ளிக்குத் திரும்பியபோது, அவளுடைய கஞ்சிக் கோப்பையை மட்டும் வேறாகக் கழுவி வைத்தார்கள். அது தொற்றாது என்று ஒரு பொம்மையாவது முன்னரே சொல்லியிருந்தால் பக்கத்துப் பிள்ளை பாயை இழுத்துக்கொண்டு விலகியிராது.

ஓமந்தை ஆசிரியர்:
வருந்துகிறேன், தங்கச்சி. ஆனால் கோப்பையை வேறாக வைத்தவர்கள் பெரியவர்கள். அவர்களுக்குப் புத்தி சொல்ல மூன்று வயதுப் பிள்ளையின் நிகழ்ச்சியா வேண்டும்? எங்கள் பிள்ளைகள் பட்டது போதாதா?

மாங்குளத்தான்:
முன்பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் 2009 க்கு நெடுங்காலத்தின் பின் பிறந்தவர்கள். எதற்கெடுத்தாலும் போரை இழுத்துத் தப்பிக்க வேண்டாம். 2003 இல் யுனிசெஃப் காமியைச் சிறுவர்களுக்காகக் குரல் கொடுக்கும் தூதராக்கியது. நோயின் பெயரைச் சொன்ன பிறகுதான்.

ஓமந்தை ஆசிரியர்:
அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் அதே பொம்மை தங்கள் நாட்டுக்கு வந்துவிடுமோ என்று கேட்டுக் கடிதம் எழுதியதை மட்டும் மறைப்பீர்கள்.

மாங்குளத்தான்:
அரசியல்வாதி பயந்தால் பிள்ளை பயந்தது என்று பொருளா? சனசமூக நிலையத்துக்குத் தொலைக்காட்சி வாங்கப் பணம் சேர்த்தபோதும், பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று ஒரு சதம் தராதவர் நீங்கள்தானே?

ஓமந்தை ஆசிரியர்:
தந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? இன்று அதில் கிரிக்கெட் மட்டுமே ஓடுகிறது, செயலாளர் தாங்கள்.

நெடுங்கேணி வாசகி:
இருவரும் கோப்பையைப் பற்றிப் பேசவேயில்லை.

மாங்குளத்தான்:
பேசுவோம், தங்கச்சி. முதலில் ஐயா சொல்லட்டும்: காமிக்கு நோயின் பெயரைச் சொன்னார்களா, இல்லையா?

ஓமந்தை ஆசிரியர்:
முதலில் தாங்கள் சொல்லுங்கள்: ஹூப்பருக்குச் சொன்னார்களா?