மானியம் கேட்டுப் போன அனுபவங்கள்

திண்டுக்கல் கணக்கர்:
கன்னியர் நடத்தும் இல்லத்தில் கணக்கு எழுதுகிறேன். மனநலம் பாதித்துத் தெருவில் கிடந்த பெண்கள்தான் இங்கே இருப்பவர்கள். வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எஃப்சிஆர்ஏ சட்டப் பதிவு எங்களுக்கும் உண்டு. ஆனாலும் முன்பெல்லாம் வெளிநாட்டுப் பணம் மறைமாவட்டச் சொசைட்டி வழியாகத்தான் வரும். ப்ராஜெக்ட் எழுதுவது, ரிப்போர்ட் அனுப்புவது எல்லாம் அவர்கள் பாடு. 2020 செப்டம்பரில் அந்தச் சட்டத்தில் வந்த திருத்தத்தில், ஒரு சங்கம் இன்னொரு சங்கத்துக்கு அந்தப் பணத்தைக் கைமாற்றவே கூடாது என்றாகிவிட்டது. ப்ராஜெக்ட், ரிப்போர்ட் எல்லாம் இனி நாங்களே எழுத வேண்டும். அதே திருத்தப்படி டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் கணக்குத் திறந்ததுகூடப் பெரிய பாடில்லை. ஆளைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்துப் பழகிய சிஸ்டர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "தம்பி, 'அவுட்கம்'னு, என்ன பலன் கிடைச்சுதுன்னு கேட்டிருக்காங்களே, என்ன எழுத?" என்றார். போன மாதம் போட்ட சோற்றை இந்த மாதமும் போடுவதற்கு என்ன அவுட்கம் எழுதுவது?

அடுத்தது நிர்வாகச் செலவு. வெளிநாட்டுப் பணத்தில் அதற்கு 50 சதவீதமாக இருந்த வரம்பு 20 ஆனது. ஆஸ்பத்திரி டாக்டர், பள்ளி ஆசிரியர் சம்பளம் அதில் சேராது என்று விதியே சொல்கிறது. ராத்திரி முழுக்க வார்டில் விழித்திருக்கும் அக்காவை எதில் சேர்ப்பது? பதிவேட்டில் அவர் 'ஹெல்பர்'. செய்கிற வேலையை உள்ளபடி எழுதி, பணி உத்தரவில் 'பராமரிப்பாளர்' என்றே போடச் சொன்னார் ஆடிட்டர். நல்ல ஆடிட்டர் அமைவது தனி வரம்.

புதுக்கோட்டை பைத்துல்மால்:
நாங்கள் முஸ்லிம்களிடம் தர்மப் பணம் வசூலித்து ஏழைகளுக்குக் கொடுக்கும் பொது நிதி. எங்களுக்கு டெல்லிக் கணக்கெல்லாம் கிடையாது, ரமலானில் வரும் தர்மம்தான். கட்டாய தர்மமான ஜகாத் ஒரு கணக்கு, விரும்பிக் கொடுக்கும் ஸதகா ஒரு கணக்கு. டயாலிசிஸுக்கு உதவி கேட்டு எந்த மதத்தவர் வந்தாலும் கொடுக்கிறோம். ஜகாத் முஸ்லிம் ஏழைக்குத்தான் என்று எங்கள் ஆலிம் (மார்க்க அறிஞர்) சொல்வதால் மற்றவர்களுக்கு ஸதகாவிலிருந்து எடுப்போம். அது சீக்கிரமே தீர்ந்துவிடும். பக்கத்துத் தெரு அம்மா ஒருவருக்குக் கமிட்டி ஆட்களே கைக்காசு போட்டோம்.

மதுரை முதியோர் இல்லம்:
நாங்கள் கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணம் பக்கம் போனோம். வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகள், அந்தப் பணம் வாங்க 2021 ஏப்ரலில் வந்த சிஎஸ்ஆர்-1 பதிவு எண் எல்லாம் கையில் இருந்தது. கம்பெனி அதிகாரிக்குச் சமையற்கட்டும் கழிவறையும் திருப்தி. கூடத்தில் வள்ளலார் படத்தைப் பார்த்தவர், "இது மத அமைப்பா சார்?" என்றார். விளக்கேற்றுவோம், பிடித்தவர்கள் வந்து உட்காருவார்கள் என்றேன். படத்தை எடுத்துவிட்டுப் போட்டோ அனுப்பச் சொன்னார். எடுக்கவில்லை, பணமும் வரவில்லை. வேறொரு கம்பெனி, படத்தைக் கண்டுகொள்ளாமல் சோலார் ஹீட்டர் போட்டுத் தந்தது. அதில் அவர்கள் பெயர் எங்கள் போர்டைவிடப் பெரிது, அது போகட்டும்.

நாகர்கோவில்:
எங்களுக்கும் எஃப்சிஆர்ஏ பதிவுதான். 5 வருடத்துக்கு ஒருமுறை வரும் அதன் புதுப்பிப்பை யாரும் லேசாக எடுக்காதீர்கள். 2021 கிறிஸ்துமஸ் அன்று அன்னை தெரசாவின் சபைக்கே மறுத்து, ஜனவரியில்தான் திரும்பக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து எங்கள் செயலாளருக்குத் தூக்கமில்லை. திண்டுக்கல் சார், வெளிநாட்டுப் பணத்துக்கு வருடா வருடம் கொடுக்கும் எஃப்சி-4 கணக்கு போட்டாச்சா?

திண்டுக்கல் கணக்கர்:
டிசம்பர் 31 தானே கடைசி? ஆடிட்டர் கையெழுத்துதான் பாக்கி. மதுரைக்காரரே, அந்த ஹீட்டர் கம்பெனி எது? தனியாகச் சொல்லுங்கள். எங்கள் கூடத்தில் மாதா படம் இருக்கிறது.