பட்டியலிலிருந்து படித்த பெயரில் செயற்கூறு வரையறுப்பது எப்படி? (காமன் லிஸ்ப்)

கேள்வி (திருமங்கலத்திலிருந்து)

வணக்கம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் என் மாமாவுக்காகக் காமன் லிஸ்ப் என்ற நிரல்மொழியில் ஒரு சிறிய கணக்கு நிரல் எழுதி வருகிறேன். நான் பயன்படுத்துவது எஸ்பிசிஎல் (SBCL) என்ற அதன் செயலாக்கம். மல்லி, பிச்சி, சம்பங்கி, அரளி என அன்றைக்கு வரும் பூக்களின் பெயரும் கிலோ விலையும் ஒரு கோப்பில் இருக்கும். அதைப் படித்து, ஒவ்வொரு பூவின் பெயரிலும் ஒரு செயற்கூறு (function) உருவாக வேண்டும். எடையைக் கொடுத்தால், கமிஷன் போக விவசாயிக்குச் சேர வேண்டிய தொகையை அது தர வேண்டும். சுழற்சிக்குள் (டிஃபன் பெயர் (எடை) ...) என்று எழுதினால், ‘பெயர்’ என்ற ஒரே செயற்கூறுதான் திரும்பத் திரும்ப உருவாகிறது. தரவாக உள்ள நிரலை இயக்கும் ஈவல் (eval) வழியாக முயன்றால், ‘விலை’ என்ற மாறிக்கு மதிப்பில்லை என்று பிழை வருகிறது. சரியான வழி எது?

பதில் (மதுரை அண்ணா நகரிலிருந்து)

செயற்கூறு வரையறுக்கும் டிஃபன் (defun) ஒரு மேக்ரோ, அதாவது இயங்குமுன் வேறு நிரலாக விரியும் வடிவம். முதலிடத்தில் உள்ள பெயரை அது மதிப்பிடாமல் எழுதியபடியே எடுத்துக்கொள்ளும். ஈவலோ வெற்றுச் சூழலில் இயங்குவது. அதை அழைக்கும் இடத்தில் லெட் (உள்மாறி கட்டும் வடிவம்) கொண்டு வைத்த ‘விலை’ அதன் கண்ணுக்குப் படாது. உங்களுக்கு இரண்டுமே தேவையில்லை. பெயரை இன்டர்ன் மூலம் சிம்பலாக்கி (லிஸ்பில் பெயர் தாங்கும் பொருள்), அந்தச் சிம்பலுக்குரிய செயற்கூறாக ஒரு லாம்டாவை (பெயரில்லாச் செயற்கூறு) நேரடியாக வைத்துவிடலாம்:

(செட்எஃப் (எஃப்டெஃபனிஷன் (இன்டர்ன் பெயர் :பூக்கள்)) (லாம்டா (எடை) (* எடை விலை (- 1 கமிஷன்))))

‘பூக்கள்’ என்ற பேக்கேஜை (சிம்பல்களின் தொகுப்பு) முன்பே உருவாக்கியிருக்க வேண்டும். கோப்பிலிருந்து வரும் பெயர்களை முதன்மைப் பேக்கேஜில் கலக்க விடாதீர்கள். ஏற்கெனவே உள்ள ஒரு செயற்கூறின் மேல் புதியது ஏறிவிட்டால் பிழையைத் தேடுவது பெரும்பாடு.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். லூப் மேக்ரோவுக்குள் இதை எழுதினால், எல்லா லாம்டாவும் ஒரே ‘விலை’ மாறியைப் பிடித்துக்கொண்டு, மல்லியைக் கேட்டாலும் அரளியைக் கேட்டாலும் பட்டியலின் கடைசி விலையிலேயே கணக்கிடும். டோலிஸ்ட் ஒவ்வொரு சுற்றிலும் மாறியைப் புதிதாகக் கட்டுமா என்பதைக் காமன் லிஸ்ப் தரநிலை அந்தந்தச் செயலாக்கத்தின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. ஆகவே எந்தச் சுழற்சியானாலும், உள்ளே (லெட் ((விலை விலை)) ...) என்று ஒரு முறை கட்டிக்கொள்வதே பாதுகாப்பு.

பதில் (மேலூரிலிருந்து)

மேலே ஐயா சொன்னது சரியான வழி. பூ விலை காலையிலேயே பல முறை ஏறி இறங்கும் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். கோப்பை மறுபடி படித்துச் செயற்கூறுகளை மாற்றி வைக்கும்போது, #'மல்லி என்று செயற்கூறையே முன்பே எடுத்து ஒரு பட்டியலில் வைத்திருந்தால், அது பழைய லாம்டாவையே, அதாவது பழைய விலையையே, தொடர்ந்து பிடித்திருக்கும். 'மல்லி என்று சிம்பலை மட்டும் வைத்து ஃபன்கால் (செயற்கூறை அழைப்பது) செய்தால், அழைக்கும் நேரத்தில் உள்ள புதிய செயற்கூறு கிடைக்கும். விவசாயியின் பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இது சிறிய வேறுபாடல்ல.

ஆங்கிலப் பெயர்களில் வரும் மற்றொரு தொல்லை உங்களுக்கு இல்லை. நிரலைப் படிக்கும் லிஸ்பின் ரீடர் ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்தாக்கிவிடும். இன்டர்ன் அப்படிச் செய்யாது. அதனால் சிறிய எழுத்தில் உள்ள பெயரை இன்டர்ன் செய்துவிட்டு, நிரலில் எழுதி அழைத்தால் கிடைக்காது. தமிழில் அந்த வேறுபாடே கிடையாது.

பதில் (உசிலம்பட்டியிலிருந்து)

பெயர்கள் நிரல் எழுதும்போதே தெரிந்திருந்தால் ஒரு மேக்ரோ எழுதி அத்தனை டிஃபனையும் விரியச் செய்யச் சொல்லியிருப்பேன். கம்பைலருக்கும் அவை முன்கூட்டியே தெரிந்திருக்கும். ஆனால் உங்கள் பெயர்கள் கோப்பிலிருந்து வருகின்றன. நிரலில் எங்குமே (மல்லி 12) என்று கையால் எழுதப் போவதில்லை. அப்படியானால் அவற்றுக்குச் செயற்கூறுப் பெயர் எதற்கு? ஒரு ஹாஷ் டேபிளில் (சாவிக்கு எதிரே மதிப்பை வைக்கும் அட்டவணை) பெயருக்கு எதிரே லாம்டாவை வைத்து, கெட்ஹாஷில் எடுத்து ஃபன்கால் செய்தால் போதும். இன்று வராத பூவை நீக்குவதும் எளிது. என் வாக்கு இதற்குத்தான்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஹாஷ் டேபிளுக்கு மாற்றினேன். எல்லாப் பூவுக்கும் கெட்ஹாஷ் நில் (எதுவும் இல்லை) என்றே தருகிறது.

பதில் (உசிலம்பட்டியிலிருந்து)

ஸ்ட்ரிங்கை (எழுத்துச்சரம்) சாவியாக வைத்திருப்பீர்கள். இயல்பு ஒப்பீடு ஈக்யூஎல் என்பதால், எழுத்து ஒன்றாக இருந்தாலும் தனித்தனி ஸ்ட்ரிங்குகள் பொருந்தா. மேக்-ஹாஷ்-டேபிளில் :டெஸ்ட் 'ஈக்வல் என்று கொடுத்துப் பாருங்கள்.