அரிசியும் பருப்பும் அடி பிடித்துவிட்டது, இப்போதே யாராவது சொல்லுங்க

பெருந்துறைப் பொண்ணு: வணக்கங்க. ஊரிலிருந்து வெளிநாடு வந்து இன்னும் பெட்டிகூட முழுதாகப் பிரிக்கவில்லை. வீட்டில் அடுப்பு பழுது, எலக்ட்ரிக் பிரஷர் குக்கர் ஒன்றுதான் இருக்கிறது. அரிசியும் பருப்பும் சாதம் வைத்தேன். விசிலே வரவில்லை. அடி கருகுது என்கிற மாதிரி ‘பர்ன்’ என்று எழுத்து வந்து நின்றுவிட்டது. மேலே வேகாத அரிசி, அடியில் கருகல். குழந்தை பசியில் அழுகிறது. எத்தனை விசிலுக்கு எத்தனை நிமிடம்?

பல்லடத்துக்காரர்: கிளம்பும்போதே நம்ம ஊர்க் குக்கரும் மிக்ஸியும் எடுத்து வந்திருக்கணுங்க. நான் வந்த புதிதில் குளிர்காலம் முழுக்க ரொட்டியும் தயிரும்தான். ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்தால் ஒரு வாய் ரசம் கிடைக்காதா என்று இருக்கும். அந்தப் பாடு யாருக்கும் வரக்கூடாது.

பொள்ளாச்சி: மிக்ஸியை எடுத்துவரச் சொல்லாதீங்க. நம்ம ஊரில் 230 வோல்ட், அமெரிக்கா, கனடாவில் 120. அங்கே அது ஒழுங்காக ஓடாது. அடி பிடித்தது தண்ணீர் பத்தாமல்தான். அரிசி ஒன்றுக்கு நாலு விடுங்க.

கோபி: நாலு விட்டால் கூழ்தான். இதில் ஆவி வெளியே போகாது, இரண்டரை போதும்.

பல்லடத்துக்காரர்: சின்ன வெங்காயம் போடாமல் அது என்ன அரிசியும் பருப்பும்? இங்கே அதை விற்கிற விலைக்கு வாங்க மனசே வருவதில்லை. மிளகாய் தாளித்தால் புகை அலாரம் வேறு கத்துகிறது. வாசம் வருகிறது என்று வீட்டு ஓனர் வந்து நிற்கிறார்.

ஈரோட்டு அக்கா: வெங்காயப் பேச்சு அப்புறம். கண்ணு, எந்த நாடு? குக்கர் அங்கே வாங்கியதா? தாளித்தது அதிலேயேவா? வால்வு எந்தப் பக்கம் இருக்குது?

பெருந்துறைப் பொண்ணு: கனடாங்க அக்கா. இங்கே வாங்கியது, ஆறு லிட்டர். அதிலேயே தாளித்து, தக்காளி வதக்கி, அரிசி பருப்பைப் போட்டுக் கிளறித் தண்ணீர் விட்டேன். வால்வு ‘வென்டிங்’ பக்கம் இருக்குதுங்க.

ஈரோட்டு அக்கா: ‘வென்டிங்’ என்றால் ஆவியை வெளியே விடுவது, அங்கேதான் ஆவி போயிருக்கிறது. முதலில் குழந்தைக்குப் பார். கருகாத மேல் அரிசியை எவர்சில்வர் பாத்திரத்தில் எடுத்து, மூழ்கச் சுடுதண்ணீர் விடு. சட்டியைத் தேய்த்துக் கழுவி, ஒன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, கம்பி ஸ்டாண்டு மேல் அந்தப் பாத்திரத்தை வை. வால்வு ஆவியை அடைக்கிற ‘சீலிங்’ பக்கம், எட்டு நிமிடம்.

இதில் விசில் கணக்கே கிடையாது. அழுத்தம் ஏறி மூடியில் இருக்கிற சின்னக் குமிழ் மேலே வந்த பிறகுதான் நிமிடம் ஓடத் தொடங்கும். ஊர்க் குக்கரில் அழுத்தம் 15 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கிற அலகு), இந்த வகையில் பெரும்பாலும் 10 முதல் 12 வரைதான், அதனால் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும்.

அடுத்த முறை வதக்கியதும் கால் டம்ளர் தண்ணீர் விட்டு, ஒட்டியதை மரக்கரண்டியால் முழுக்கச் சுரண்டிவிடு. ‘பர்ன்’ வருவது பெரும்பாலும் அந்த ஒட்டலால்தான். அரிசி ஒன்று, துவரம்பருப்பு கால், குழந்தைக்குக் குழைய வேணுமென்றால் தண்ணீர் மூன்று. இரண்டையும் இருபது நிமிடம் ஊற வை. பத்து நிமிடம் வேகட்டும், அணைத்தபின் பத்து நிமிடம் வால்வைத் தொடாதே.

பெருந்துறைப் பொண்ணு: வெந்துவிட்டதுங்க அக்கா, நெய் விட்டு ஊட்டுகிறேன். கொள்ளும் இதில் வேகுமாங்க?

ஈரோட்டு அக்கா: வேகும் கண்ணு. ராத்திரியே ஊற வை. தண்ணீரோடு சேர்த்துப் பாதிச் சட்டிக்கு மேல் போகக்கூடாது, நுரை வால்வை அடைக்கும். முப்பது நிமிடம் வைத்து, அழுத்தம் தானாக இறங்கட்டும். வடித்த தண்ணீரைக் கொட்டிவிடாதே, ரசத்துக்கு எடுத்து வை.